மகனுக்கு நடுவர் சான்றிதழ்: எந்த வாசலில் நுழைவது?

உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் தவிர்த்து, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறோம்.

அவர் சத்துணவு அமைப்பாளராகப் பணிபுரிகிறார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். மகனுக்கு 16 வயது, அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக் கால்பந்து அணியில் ஆடியவன், சென்ற ஆண்டு மாவட்ட அணித் தேர்வில் இடம் கிடைக்காமல் சோர்ந்துபோனான். அந்தச் சமயத்தில் குறுவட்டப் போட்டியில் ஆள் போதாமல் உடற்கல்வி ஆசிரியர் அவன் கையில் கொடியைக் கொடுத்து லைனில் நிறுத்த, அன்றிலிருந்து ரெஃப்ரி ஆகியே தீருவேன் என்று நிற்கிறான். வாட்ஸ்ஆப்பில் வந்த விளம்பரம் ஒன்று, இரண்டே நாள் இணையவழி வகுப்பில் ‘சர்வதேச அங்கீகாரம் பெற்ற நடுவர் சான்றிதழ்’ தருவதாகச் சொல்கிறது. கட்டணம் 6,500 ரூபாய், அதில் 1,000 ரூபாயை முன்பணமாகக் கட்டியும் விட்டார். அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் இருக்கும் அக்காள் மகன் 13 வயதிலேயே நடுவர் சான்று பெற்று வார இறுதிகளில் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறானாம். அதே சான்றை இங்கிருந்தே வாங்க முடியுமா என்று கேட்கிறார். உடற்கல்வி ஆசிரியர் மாவட்டச் சங்கத்தைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், முதலில் பி.பி.எட். முடிக்கட்டும், அவசரமென்றால் ‘டி லைசென்ஸ்’ எடுக்கட்டும் என்கிறார். இந்தச் சான்று விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவுமா, மைதானத்தில் அடிதடி வந்தால் என்ன செய்வது, எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும் ஆசைப்படுகிறாளே, பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்ற கேள்விகளும் கடிதத்தில் உள்ளன.

புதிய நடுவர்களுக்கு வகுப்பெடுக்கும் மூத்த கால்பந்து நடுவர் ஒருவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் உடற்கல்வி ஆசிரியர் காட்டிய வழியே சரியான வழி. மாவட்டக் கால்பந்துச் சங்கத்தை அணுகி, அதன் மூலமாகத் தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்தின் தொடக்கநிலை நடுவர் தேர்வுக்கு உங்கள் மகன் தயாராகட்டும். மற்ற வழிகளில் சில வீண், சில பிற்காலத்துக்கு உரியவை, ஒன்று கைப்பணத்தைக் கரைப்பது. ஏன் என்பதை விளக்கினால்தான் நீங்கள் மன நிறைவோடு முடிவெடுக்க முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நடுவர் சான்றிதழைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கும் பெரிய சொற்களைப் பார்க்காதீர்கள். அதைக் கொடுப்பவரிடம் ஆட்டங்கள் இருக்கின்றனவா, புதிதாக வந்த ஒரு பையனை அந்த ஆட்டங்களுக்கு நியமிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா, ஆட்டம் முடிந்ததும் அவனைத் தனியே அழைத்து ‘அந்த ஃபவுலின்போது நீ முப்பது மீட்டர் பின்னால் நின்றாய், அதனால்தான் கை பட்டது உன் கண்ணுக்குத் தெரியவில்லை’ என்று எடுத்துச் சொல்ல ஒரு மூத்தவர் அங்கே இருப்பாரா என்று பாருங்கள். இந்த மூன்றும் இருக்குமிடத்தில் வாங்கும் சாதாரணத் தாள்கூட அவனை நடுவராக்கும். இவை இல்லாத இடத்தில் வாங்கும் சான்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும்.

‘சர்வதேச’ சான்றிதழ் என்னும் விளம்பரம்

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, பணம் கட்டும் தனிநபருக்கு நடுவர் சான்றிதழ் விற்பதில்லை. ஒவ்வொரு நாட்டின் கால்பந்துச் சம்மேளனமும் தன்னிடம் பல படிகள் ஏறி வந்த நடுவர்களில் சிலரை ஆண்டுதோறும் பரிந்துரைக்கும். ஃபிஃபா அவர்களை ஆய்ந்து அந்த ஆண்டுக்கான பட்டியலில் சேர்த்து, மார்பில் அணியும் பேட்ஜை வழங்கும். அந்தப் பட்டியலில் நடுவராக இடம்பெறக் குறைந்தது 25 வயதும், உதவி நடுவராக இடம்பெற 23 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே 16 வயதுப் பையனுக்கு இரண்டு நாளில் சர்வதேச நடுவர் தகுதி தருவதாக ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லை அவர் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறார் என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

இணையவழிக் கல்வியே கூடாது என்பதல்ல என் கருத்து. ஆட்ட விதிகளைக் காணொளி பார்த்துக் கற்பது மிகவும் பயனுள்ளது. ஃபிஃபாவும் மற்ற சம்மேளனங்களும் கூட அப்படிக் கற்பிக்கின்றன. ஆனால் விசிலை எவ்வளவு உரக்க ஊத வேண்டும், கார்னர் கிக்கின்போது எங்கே நிற்க வேண்டும், கோபமாக ஓடி வரும் கேப்டனிடம் எத்தனை சொற்களில் பேசி முடிக்க வேண்டும் என்பதெல்லாம் மைதானத்தில் நின்றால்தான் பிடிபடும். அந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: ‘உங்கள் சான்றிதழை வைத்து மதுரை மாவட்டத்தில் எந்தச் சங்கம் என் மகனை ஆட்டத்துக்கு நியமிக்கும்?’ பதில் வருகிறதா என்று பாருங்கள்.

கட்டிய 1,000 ரூபாயைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். படித்தவர்களும் ஏமாறும்படிதான் இத்தகைய விளம்பரங்கள் எழுதப்படுகின்றன. மீதித் தொகையைக் கட்டாதீர்கள். விளம்பரத்தையும், அவர்களோடு நடந்த உரையாடலையும், பணம் அனுப்பியதற்கான ரசீதையும் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேள்விக்கு உட்படுத்தக்கூடிய தவறான விளம்பரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விளம்பரம் தந்தவர்களின் எண்ணே செயலிழந்து ஆள் மறைந்துவிட்டால், இணையப் பண மோசடிகளுக்கான 1930-ஐ அழையுங்கள்.

அக்காள் மகன் வாங்கிய சான்று

டல்லாஸில் இருக்கும் பிள்ளை பெற்றிருப்பது உண்மையான, மதிப்புள்ள சான்றுதான். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் தொடக்கநிலை நடுவர்களை ‘கிராஸ்ரூட்ஸ்’ என்ற ஒரே வகையில் சேர்க்கிறது. முன்பு அங்கே ஒன்பதாம் நிலை, எட்டாம் நிலை என்று எண்ணிட்ட படிகள் இருந்தன. சிறு பிள்ளைகளின் ஆட்டத்துக்கு மட்டும் போதுமான எளிய படியை எடுப்பதா, நேராக அடுத்த படிக்குப் போவதா என்ற குழப்பம் அங்குள்ள பெற்றோருக்கும் இருந்தது. இப்போது 13 வயது நிறைந்தவர்கள் இணையவழிப் பாடத்தை முடித்து, மைதானப் பயிற்சியிலும் கலந்துகொண்டு சான்று பெறலாம். அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். இங்கிலாந்தில் இந்த வயது 14.

அங்கே இவ்வளவு இளவயதில் தொடங்க முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு வார இறுதியிலும் நடக்கும் சிறுவர் ஆட்டங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்குப் பதிமூன்று வயதுப் பிள்ளை விசில் ஊதுகிறது. அந்தச் சான்று அந்த ஆட்டங்களுக்காகவே உருவானது. அந்தச் சம்மேளனத்தின் பதிவேட்டோடு ஒட்டியது. ஓட்டுநர் உரிமத்தைப் போலத்தான் இதுவும்: வண்டி ஓட்டும் கலை எங்கும் ஒன்றுதான் என்றாலும், எந்த ஊர்ச் சாலையில் ஓட்டப் போகிறோமோ அந்த ஊர் உரிமம் வேண்டும். உங்கள் மகன் இங்கிருந்தபடி அந்த இணையப் பாடத்தைப் படித்தாலும், மதுரையில் ஓர் ஆட்டத்துக்குக்கூட அது அவனை நியமனம் செய்து தராது.

ஆனாலும் அந்த அண்ணனோடு தொடர்பில் இருக்கச் சொல்லுங்கள். ஆட்ட விதிகளை வகுப்பது 1886-இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம். அதன் 17 விதிகள் டல்லாஸுக்கும் உசிலம்பட்டிக்கும் ஒன்றே. இருவரும் வாரம் ஒரு விதியை எடுத்துக்கொண்டு பேசினால் இரண்டு பேருக்கும் நல்லது.

மாவட்டச் சங்கத்தின் வழி

நம் நாட்டில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும், அதன் கீழ் தமிழ்நாடு கால்பந்துச் சங்கமும், அதன் கீழ் மாவட்டச் சங்கங்களும் இயங்குகின்றன. நடுவர்களை ஐந்தாம் பிரிவில் தொடங்கி முதல் பிரிவு வரை வகைப்படுத்துகிறார்கள்; அதற்கும் மேலே ஃபிஃபா பட்டியல். உங்கள் மகன் நுழைய வேண்டியது அடிப்படியான ஐந்தாம் பிரிவில். இதற்கான வகுப்பும் தேர்வும் எல்லா மாதமும் நடப்பதில்லை. அறிவிப்பு வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். மதுரை ரேஸ்கோர்ஸ் சாலையில் உள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. அங்கே மாவட்டக் கால்பந்துச் சங்கச் செயலாளரின் தொடர்பு விவரத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த நடுவர் வகுப்பு எப்போது, வயது வரம்பு என்ன, வினாத்தாள் எந்த மொழியில் இருக்கும், கட்டணத்துக்கு ரசீது உண்டா என்று நேரிலேயே கேளுங்கள். அறிவிப்பில் குறிப்பிட்ட வயதுக்கு அவன் ஓரிரு ஆண்டு குறைவு என்று சொன்னாலும் திரும்பி வந்துவிட வேண்டாம். தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் சங்கத்தின் ஆட்டங்களுக்கு வந்து மூத்த நடுவர்களோடு இருந்து கற்க அனுமதி கேளுங்கள். நல்ல சங்கம் எதுவும் ஆர்வமுள்ள பையனை விரட்டாது.

தேர்வில் பொதுவாக மூன்று பகுதிகள் இருக்கும்: எழுத்துத் தேர்வு, வாய்மொழி அல்லது செய்முறைத் தேர்வு, உடற்தகுதித் தேர்வு. பெற்றோர் பலர் உடற்தகுதியை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். உச்ச நிலையில் 40 மீட்டரை ஆறு முறை விரைந்தோடி, பிறகு 75 மீட்டர் ஓட்டமும் 25 மீட்டர் நடையுமாக நாற்பது சுற்று முடிக்க வேண்டும். தொடக்கநிலையில் இந்த அளவுக்குக் கேட்பதில்லை. நாள்தோறும் பந்தாடி வளர்ந்த பையனுக்கு அது தடையாக இராது. தடையாக வருவது எழுத்துத் தேர்வுதான்.

ஏனென்றால், வருடக்கணக்கில் ஆடியவர்களுக்கும் விதிகள் முழுதாகத் தெரிந்திருப்பதில்லை. கோல் கிக், த்ரோ இன், கார்னர் கிக் ஆகிய மூன்றிலும் நேரடியாக வரும் பந்தைப் பெற்றால் ஆஃப்சைடு (பந்து ஆடப்படும் கணத்தில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி கோல் பக்கம் நின்று பந்தைப் பெறும் குற்றம்) இல்லை என்பதை மறந்து கொடியைத் தூக்கும் ‘அனுபவசாலிகளை’ நம் ஊர் மைதானங்களில் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவர் தாமே எறிந்த த்ரோ இன் நேராகத் தம் சொந்த கோலுக்குள் போனால் என்ன? கோல் இல்லை, எதிரணிக்குக் கார்னர் கிக். எதிரணியின் கோலுக்குள் நேராகப் போனால்? அப்போதும் கோல் இல்லை, கோல் கிக். ஆஃப்சைடு நிலையைக் கணக்கிடும்போது கையும் தோளுக்குக் கீழுள்ள புயமும் சேராது. இப்படிப்பட்டவற்றைத்தான் வினாத்தாளில் கேட்பார்கள்.

விதிகள் ஆண்டுதோறும் மாறவும் செய்கின்றன. 2025 ஜூலை 1 முதல், கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். நடுவர் கையை உயர்த்திக் கடைசி ஐந்து விநாடிகளை விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும். அதற்கு முன் ஆறு விநாடி, தண்டனை மறைமுக ஃப்ரீ கிக் (நேராக கோலுக்குள் அடித்தால் கோலாகாத உதை). இதைத் தெரியாத பார்வையாளர்கள் சுற்றி நின்று கத்தும்போது, கையை உயர்த்தி நிற்கும் பதினாறு வயதுப் பையனுக்கு அவன் படித்த விதி மட்டும்தான் துணை.

விதிப் புத்தகத்தைச் சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியமே இலவசமாக வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலியும் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டு தமிழ்வழி மாணவன் மிரள வேண்டியதில்லை. அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அவன் மைதானத்தில் தினமும் கேட்பவையே. வாரம் ஒரு விதி என்று எடுத்தால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். முதல் விதியிலிருந்து வரிசையாகத் தொடங்கச் சொல்ல மாட்டேன். மைதான அளவுகளைப் படித்தே அலுத்துப்போவான். ஃபவுலும் நடத்தைக் குற்றமும் பற்றிய பன்னிரண்டாம் விதியில் தொடங்கட்டும், பிறகு ஆஃப்சைடு பற்றிய பதினொன்று, அடுத்து நடுவரைப் பற்றிய ஐந்து. படித்ததை ஒரு நோட்டில் தமிழில் தன் சொந்த நடையில் எழுதி வைக்கட்டும். என் மாணவர்களில் அப்படி எழுதி வைத்தவர்கள் வாய்மொழித் தேர்வில் தயங்கியதை நான் கண்டதில்லை.

பி.பி.எட்., டி லைசென்ஸ் பற்றிய குழப்பம்

‘டி லைசென்ஸ்’ என்பது பயிற்சியாளர்களுக்கான தொடக்கநிலைச் சான்று. அணிக்குப் பயிற்சி தருபவர் எடுப்பது. நடுவராவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பி.பி.எட். உடற்கல்வி ஆசிரியர் பணிக்கான பட்டப்படிப்பு. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் உடற்கல்வி ஆசிரியர்களே நடுவர்களாக நிற்பதால் அதுதான் வாசல் என்று பக்கத்து வீட்டுக்காரர் எண்ணியிருக்கக்கூடும். சங்கத்தின் நடுவர் பதிவேடு வேறு, ஆசிரியர் பணி வேறு. மகனுக்குப் பிற்காலத்தில் உடற்கல்வி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் அதைத் தாராளமாகப் படிக்கட்டும், ஆனால் நடுவராவதற்காக அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடிதத்தில் நீங்கள் ஓரிடத்தில், அணியில் இடம் கிடைக்காதவன் போகிற வழியோ இது என்று வருந்தியிருக்கிறீர்கள். அவன் லைனில்தானே நிற்கிறான், நடுவில் நிற்கவில்லையே என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தே மறுக்க விரும்புகிறேன். 2002-இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா ஆடவில்லை. ஆனால் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் அங்கே உதவி நடுவராகக் கொடி பிடித்து நின்றார். உங்கள் மகன் கையில் ஆசிரியர் கொடுத்தது அதே கொடி. அதைப் பிடிப்பதில் அத்தனை நுணுக்கம் இருக்கிறது: கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரின் நேர்கோட்டிலேயே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், கொடி எப்போதும் நடுவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கை மாற்ற நேர்ந்தால் இடுப்புக்குக் கீழே வைத்து மாற்ற வேண்டும், பந்து உதைக்கப்பட்ட கணத்தில் யார் எங்கே நின்றார் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு, அவர் ஆட்டத்தில் தலையிடுகிறாரா என்று பார்த்த பிறகே கொடியை உயர்த்த வேண்டும். முதல் ஓராண்டு அவன் பெரும்பாலும் லைனிலேயே நிற்பதுதான் நல்லது. நடுவில் விசில் ஊதுவதென்றால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டங்களில் தொடங்கட்டும். சிறுவர் லீக்குகள் அதற்கு ஏற்றவை.

மைதானத்தில் வரக்கூடிய ஆபத்துகள்

நீங்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. திருவிழாவையொட்டியும் கோடை விடுமுறையிலும் பரிசுத் தொகை வைத்து நடத்தும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்ட்டுகளில் வாய்ச் சண்டை எளிதில் கைகலப்பாகும். ‘தம்பி, விதி தெரிந்த பையன், வந்து ஊதிக் கொடு’ என்று அன்பாகத்தான் அழைப்பார்கள். 18 வயது நிறையும்வரை பெரியவர்கள் ஆடும் பரிசுப் பண ஆட்டங்களுக்கு அவனை நடுவராக அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சங்கம் நியமிக்கும் ஆட்டத்தில் மூன்று நடுவர்கள் சேர்ந்து போவார்கள், போட்டி அமைப்பாளர் பொறுப்பேற்பார், ஆட்டத்துக்குப் பின் எழுதும் அறிக்கையின் மீது ஒழுங்கு நடவடிக்கை வரும். தெருவில் அழைத்துப் போகும் ஆட்டத்தில் இவை எதுவும் இல்லை.

ஐந்தாம் விதியில் ஒரு பிரிவு உண்டு: நடுவர் விதிப்படி எடுத்த முடிவுகளால் ஆட்டக்காரருக்கோ பார்வையாளருக்கோ நேரும் காயத்துக்கும் இழப்புக்கும் அவர் பொறுப்பாளி அல்லர் என்று அது சொல்கிறது. புதிய நடுவர்கள் இதை ஒரு கவசமாக நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆட்டத்தின் விதி, நாட்டின் சட்டம் அன்று. மைதானத்தில் கண்ணாடித்துண்டு கிடப்பதைப் பார்த்தும் ஆட்டத்தைத் தொடங்குவது, கோல்போஸ்ட் ஆடுவதைக் கண்டும் விட்டுவிடுவது போன்ற அலட்சியங்களை எந்த விதியும் மன்னிக்காது. ஷின்கார்டு (கீழ்க்கால் காப்பு) அணியாதவரையும், கழுத்துச் சங்கிலி, மோதிரம், கைக்காப்பு அணிந்தவரையும் சரிசெய்துகொண்டு வரச் சொல்வது அவன் கடமை. கோவில் கயிறு என்றாலும் காப்பு என்றாலும் மரியாதையாகப் பேசிக் கழற்ற வைக்கக் கற்க வேண்டும். பலத்த காயம் என்று தோன்றினால் ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். தலையில் அடிபட்டவரை ‘ஒண்ணுமில்லை, எந்திரிப்பா’ என்று எழுப்பி ஆட விடக்கூடாது.

அவனைத் தாக்க வந்தால் அங்கே நின்று வாதாட வேண்டாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு உடன் வந்த நடுவர்களோடு சேர்ந்து வெளியேறி, நடந்ததை அன்றிரவே நேரம் குறிப்பிட்டு எழுதிச் சங்கத்துக்குத் தர வேண்டும். கை வைத்தவர் யாராக இருந்தாலும் காவல் நிலையத்தில் புகார் தருவது உங்கள் உரிமை. ‘விளையாட்டில் இதெல்லாம் சகஜம்’ என்று சமாதானம் பேச வருபவர்களின் பேச்சுக்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை.

வெயிலையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். சித்திரை வைகாசியில் மதுரை வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும்போது, ஆட்டக்காரர்களில் சிலர் மாறினாலும் நடுவர் மாறுவதில்லை. முழு நேரமும் ஓடுகிறார். கடும் வெயிலில் தொண்ணூறு விநாடி முதல் மூன்று நிமிடம் வரை ஆட்டத்தை நிறுத்திக் குளிர்ச்சி இடைவேளை தர ஏழாம் விதி இடம் தருகிறது. போட்டி அமைப்பாளரிடம் அதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள அவன் பழக வேண்டும். காலை ஆட்டமென்றால் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

மகளின் ஆசை

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது தேர்வு வேண்டாம், ஆட்டமும் விதிப்புத்தகமும் போதும். ஆனால் பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்துத் திண்டுக்கல்லே பதில் சொல்கிறது. அங்கே பிறந்து, இந்திய அணிக்கு ஆடி, பிறகு நடுவராகி, 2016-இல் ஃபிஃபா பட்டியலில் இடம்பெற்றவர் ரூபா தேவி. உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் வளர்ந்த ஒரு பெண் சர்வதேச ஆட்டங்களில் விசில் ஊதியிருக்கிறார் என்பதை மகளிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான ஆட்டங்கள் பெருகிவரும் நிலையில் பெண் நடுவர்களின் தேவை மிகுதியாகவே இருக்கிறது.

உடை மாற்றத் தனியிடம், கழிப்பறை, உடன் வரும் பெண் நடுவர் அல்லது ஆசிரியை, திரும்பி வரும் நேரம் ஆகியவற்றை ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். இதைக் கேட்கும் பெற்றோரை மதிக்காத அமைப்பாளரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. மகனுக்கும் இது பொருந்தும். வகுப்பு, பயணம், ஓய்வறை எங்கே என்றாலும் பெரியவர் ஒருவரின் நடத்தை உறுத்தலாக இருந்தால் உடனே உங்களிடம் சொல்லும்படி இருவரையும் பழக்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

ஒதுக்கீடும் வருமானமும்

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சேர்க்கை என்பது ஆடிய போட்டிகளின் சான்றுகளை வைத்தே மதிப்பிடப்படுகிறது. நடுவர் சான்று அந்தக் கணக்கில் வராது. இந்தச் சான்றை வாங்கிவிட்டால் பொறியியல் சீட்டு கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். பள்ளி அணியில் ஆடுவதை அவன் கைவிடாமல் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆடிக்கொண்டே நடுவர் பயிற்சியும் பெறலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது.

வருமானத்தைப் பொறுத்தவரை, மாவட்ட அளவில் ஆட்டத்துக்கு ஒரு சிறு தொகையும் பயணப்படியும் கிடைக்கலாம். டல்லாஸ் கணக்கை இங்கே போட்டுப் பார்க்காதீர்கள். விசில், இரண்டு கைக்கடிகாரம், அட்டைகள், உடை, நல்ல ஷூ என்று தொடக்கத்தில் கைக்காசு செலவாகும்; எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. உள்ளே மணி இல்லாத ஃபாக்ஸ் 40 வகை விசில் ஒன்றை மட்டும் முதலில் வாங்கித் தாருங்கள். ஈரத்திலும் எச்சிலிலும் அடைத்துக்கொள்ளாமல் ஒரே ஒலியைத் தரும். வீட்டில் ஊதிப் பழக அனுமதிக்க வேண்டும், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்: சிறு ஃபவுலுக்குக் குறுகிய ஊதல், பெரிய குற்றத்துக்கு நீண்ட, கடுமையான ஊதல் என்று வேறுபடுத்தத் தெரிந்தவனைத்தான் ஆட்டக்காரர்கள் நம்புவார்கள்.

இனி செய்ய வேண்டியவை. இந்த வாரத்தில் ஒரு நாள் மகனை உடன் அழைத்துக்கொண்டு விளையாட்டரங்குக்குப் போய் வாருங்கள். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று ஆகியவற்றின் நகல்களையும் இரண்டு புகைப்படங்களையும் கையில் வைத்திருங்கள். உடற்கல்வி ஆசிரியரிடம் அவன் குறுவட்டப் போட்டியில் உதவி நடுவராக நின்றதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பின் தேதி பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் விழுந்தால் அதை விட்டுவிட்டு அதற்கடுத்த வகுப்பில் சேர்க்கலாம். இந்தக் கோடை விடுமுறைக்குள் விழுந்தால் தாமதிக்காமல் இப்போதே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.